கடைசி அளவு ஜாக்கெட்

புதுவாயல் கூட்டுச்சாலையில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே சுகிர்தாவின் தையல் கடை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் அதற்கு எதிரில்தான் நிற்கும். அப்படி பஸ் ஏறுகிறவர்களில் ஒருவன் சரவணகுமார். கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன விளையாட்டுகள் எழுதிப் பழகியவன். யூனிஃபார்ம் பேன்ட்டைக் குட்டையாக்கக் கொண்டுவந்தவன், அவள் போனில் வரைந்து வைத்திருந்த கழுத்து டிசைன்களைப் பார்த்துவிட்டு, "இத்த வெச்சு ஒரு கேம் பண்லாமா?" என்றான்.

அப்படித் தொடங்கியது. விளையாட்டிலும் ஒரு சின்னத் தையல் கடை. வெளியே மழை. வெட்டுத்துணிக் குவியலில் ஒரு பூனை தூங்கும். வருகிறவர்கள் தரும் துணியை வெட்டித் தைக்க வேண்டும். அவன் முதலில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டிருந்தான். சுகிர்தா அதை எடுக்கச் சொன்னாள்.

"பொங்கல் வந்தா 'ஆச்சா ஆச்சா'ன்னு உயிர வாங்குறாங்க. கேம்லயாவது நிம்மதியா தெக்க வுடு, சரவணா."

டேப் பிடித்து அளவெடுக்கும் காட்சியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க எவ நின்னு அளவு குடுக்குறா? பழைய ஜாக்கெட்ட பையில போட்டு வீசிட்டு, 'இதே மாரி, கை மட்டும் லூசா'ன்னு கத்திக்கினே பஸ் ஏறிடுவாங்க."

பிறகு விளையாட்டில் வந்தவர்கள் எல்லாரும் அளவு ஜாக்கெட்டோடுதான் வந்தார்கள். எந்தப் பக்கம் பிரித்துத் தைத்திருக்கிறது, எந்தத் தோள் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ஆளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் யாரும் வரமாட்டார்கள். கடைக்காரி தன் கல்யாண ஜாக்கெட்டைத் தானே தைப்பாள். அதற்கு சுகிர்தா தன் அளவையே கொடுத்தாள். படம் சரியாக வரும்வரை அதைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். சரவணகுமார் அந்தக் கட்டத்தை மட்டும் முடிக்காமல் வைத்திருந்தான்.

"நம்ம விஷயத்த ஊட்ல பேசிட்டு முடிக்கிறன், சுகி. அறுப்பு முடியட்டும்."

அவனுடையது நெல் வயல் உள்ள குடும்பம். அவள் அப்பா அந்தோணி, கம்பெனி வேலைக்குப் போகுமுன் அந்த வயல்களில் கதிர் அறுத்தவர். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அறுப்பு முடிந்தது. அவன் அம்மா குணசுந்தரி கடைக்கு வந்தாள். பையில் அரக்குப் பட்டுத் துணி, கூடவே ஒரு பழைய பச்சை ஜாக்கெட்.

"எம் புள்ளைக்குக் கல்யாணம்மா. பொண்ணு பொதட்டூர்பேட்டை. அளவு ஜாக்கெட் குடுத்தனுப்பிக்கிறாங்க. சரவணன்தான் சொன்னான், சுகிர்தாகிட்ட குடு, மறுபடி பிரிக்கிற வேலையே இருக்காதுன்னு."

சுகிர்தா பையை வாங்கிக்கொண்டாள். "எப்ப வேணும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

குணசுந்தரி போகும்வரை காத்திருந்து சரவணகுமாருக்குப் போன் செய்தாள்.

"அம்மாகிட்ட சொல்ல வாய் வரல, சுகி."

"என்னாண்ட தெக்கக் குடுக்கச் சொல்ல மட்டும் வந்துச்சா?"

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"அந்தக் கடைசிக் கட்டத்த எடுத்துடு. மழையோட, பூனையோட நிறுத்திக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புடவையோடு சேர்த்து நெய்த பட்டு அது. தவறினால் மாற்றுத் துணி கிடையாது. சாக்பீஸால் குறித்தாள். முன்பக்கமும் பின்பக்கமும் வெட்டினாள். கழுத்துக்குக் கத்தரியைக் கொண்டுபோகும்போதுதான் பச்சை ஜாக்கெட்டை மேலே விரித்துப் பார்த்தாள். வெட்டியிருந்தது அந்தப் பெண்ணின் அளவில்லை. கை பழகியிருந்த அவளுடைய சொந்த அளவு.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

அந்தப் பெண் ஒல்லி. அதனால் துணி தப்பித்தது. தோளைக் குறைத்து, பக்கங்களைப் பிடித்து, பச்சை ஜாக்கெட்டின் அளவுக்குக் கொண்டுவந்தாள். மிச்சத்தை வெட்டி எறிய மனம் வரவில்லை. உள்பக்கமாகவே மடித்துத் தைத்தாள்.

வாங்க வந்த குணசுந்தரி ஜாக்கெட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"எவ்ளோ துணி வுட்டுக்கிற! நல்லதாப் போச்சு. ஒரு புள்ள பொறந்தா ஒடம்பு வெக்கும். அப்ப பிரிச்சு வுட்டுக்கலாம், இல்ல?"

"வுட்டுக்கலாம்மா. சரியா இருக்கும்" என்றாள் சுகிர்தா. பச்சை ஜாக்கெட்டையும் மறக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக் கொடுத்தாள்.