ஞானம்மா அணைக்காத சூடம்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் பசியைத்தான் சொல்வார்கள். எனக்கு ஞானம்மா ஞாபகம்தான் முதலில் வரும். மலாயாவில் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்திலேயே அவள் ஒருத்திதான் கிறிஸ்துவை வணங்கும் வேதக்காரி. சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப்போன புருஷன் திரும்பவில்லை. இடுப்பில் ஒரு நோஞ்சான் பெண்குழந்தை. மரவள்ளிக்கிழங்கு வேகும்போது மெல்லிய குரலில் பாடுவாள். அந்தப் பாட்டை இன்னும் ஒருமுறை கேட்க மாட்டோமா என்று இந்த வயதிலும் ஏங்குகிறேன்.

பங்கீட்டு அரிசியைப் பால் டின்னால் அளந்து கொடுப்பது அவள் வேலை. கூலி கிடையாது. சாக்கில் ஒட்டிய உதிரி அரிசி அவளுக்கு. அதில்தான் குழந்தைக்குக் கஞ்சி.

ஒருநாள் அந்த டின்னைக் கழுவ வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதில் தண்ணீர் பிடித்துத் தன் வீட்டிலிருந்த அதே அளவு டின்னில் ஊற்றினால், நிறையவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள். அடித்தகட்டை யாரோ உள்பக்கமாகத் தட்டிவிட்டிருந்தார்கள். டின் எப்போதும் இருப்பது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராமநாதனின் ஸ்டோரில். போய்க் கேட்டாள்.

"வாய மூடிக்கிட்டு அளந்தா உம் புள்ளைக்குக் கஞ்சி. இல்லாட்டி அதுவும் இல்ல" என்றான் அவன்.

பிழைக்கத் தெரிந்தவளாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பாள். இவள் அடுத்த பங்கீட்டு நாளில் இரண்டு டின்னையும் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினாள்.

"இத்தன நாளு உங்களுக்குக் குறைச்சுத்தான் அளந்திருக்கேன். எனக்குத் தெரியல. ஆனா அளந்தது என் கைதான்."

கிராணி பதறவே இல்லை. "வீட்டுக்குக் கொண்டுபோனவ இவதான் லா. இவளே தட்டிட்டு நாடகம் ஆடுறா."

லயத்தில் இப்படி வழக்கு வந்தால் ஒரே தீர்ப்புதான். மாரியம்மன் கோயிலில் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். முதலில் கத்தியது எங்கள் அம்மா சிகப்பி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"வா, வந்து சூடம் அணை! எங்க சாமி வேணாம்னா உங்க வேதப் புஸ்தகத்து மேல அடிச்சுச் சொல்லு!"

"நான் எது மேலயும் சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. எங்க வேதத்துல கூடாது. நான் சொன்னது நெசம்."

"பாத்தீங்களா, திருடி!"

அம்மா சொன்னதைத்தான் எல்லாரும் நம்பினார்கள். அளக்கும் வேலை அம்மாவுக்கே வந்தது, புது டின்னோடு. உதிரி அரிசிக் கஞ்சியை நாங்கள் குடிக்கும்போது ஞானம்மாவின் குழந்தை வெறும் கிழங்கைச் சப்பிக்கொண்டு எதிர்வாசலில் உட்கார்ந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அடுத்த பங்கீட்டுக்கு ஸ்டோரிலிருந்து டின்னை வாங்கிய அம்மா அடியைத் தடவிப் பார்த்தாள். புது டின்னின் அடியும் உள்ளே தட்டப்பட்டிருந்தது. நேரே கோயிலுக்கு நடந்தாள். லயமே பின்னால் ஓடியது. பூசாரி பொத்திப் பொத்தி வைத்திருந்த சூடத்தை வாங்கிக் கொளுத்தினாள்.

"ஞானம்மா திருடல! டின்னத் தட்டுனவன் ஸ்டோர்லதான் இருக்கான்!" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

ஜப்பான்காரன் காதுக்குப் போனால் தலை போய்விடுமே என்ற பயத்தில், கிராணி அன்றே அரிசியையும் அளவையும் லயத்து ஆட்களிடம் விட்டுவிட்டான்.

கொப்புளம் கண்ட கையோடு அம்மா ஞானம்மா வீட்டுக்குப் போய் நின்றாள். அத்தனை வாய் பேசியவள், மன்னிப்புக் கேட்பதுபோல் கையைத்தான் முன்னால் நீட்டினாள். ஞானம்மா அந்தக் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கடிந்துகொண்டாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்? வாயால சொன்னாப் போதாதா?"

அம்மா அழுதுவிட்டாள்.

"உன் வாய்க்குப் போதும்டி. எங்க வாய்க்குத்தான் சூடம் வேணும்."