முந்நூற்று எண்பத்தாறு

மனுசிக்குச் சீனி வருத்தம் வந்து எட்டு வருசம். நாலு வருசமாக இன்சுலின் ஊசி. டொக்டர் ஒரு தாளில் இரண்டு கோடு கீறித் தந்தவர். மேல் கோட்டைத் தாண்டினால் ஊசி. எழுபதுக்குக் கீழே போனால் உடனே ஏதாவது இனிப்பு. நான் மேல் கோட்டை மட்டும்தான் மனதில் வைத்திருந்தேன். எங்கள் சனத்துக்குச் சீனி என்றால் ஏறுகிற பயம்தான். இறங்கி ஆள் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிராங்பேர்ட்டுக்கு வெளியே, டயர் கடைக்குப் பின்னால் எங்கள் கோயில். முன்பு சாமான் கிடங்கு. அன்று அபிஷேகம். மனுசி காலையிலிருந்து விரதம், தேத்தண்ணிகூட இல்லை. பெண்களோடு இருந்து பஞ்சாமிர்தம் பிசைந்தாள். பிசையிற ஆளுக்கு நக்கிப் பார்க்கவும் குடுப்பினை இல்லை என்று பகிடி பண்ணினார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கையைத் துணியில் துடைத்துவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன் சீனி அளக்கிற மெஷினை எடுத்து விரலில் குத்தினாள்.

386.

"காலமை தொடக்கம் ஒண்டும் வாயில வைக்கேல்லை. எப்பிடியப்பா ஏறும்?"

"மெஷின் பொய் சொல்லுமே? ஊசியைக் கூட்டிப் போடும்."

நான் சொன்னதால் போட்டாள்.

பூசை இழுபட்டது. அன்னதானம் பிந்தியது. முக்கால் மணித்தியாலம் இருக்கும், அவளுக்கு வேர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. கதைக்கக் கதைக்க வாய் குழறியது. சீனி கூடித்தான் இப்படி என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒரு கிண்ணத்தில் பஞ்சாமிர்தம் நீட்டினா. நான் தள்ளிவிட்டேன்.

"குடுக்காதேங்கோ அக்கா. அவவுக்குச் சீனி உச்சத்தில நிக்குது."

கொஞ்ச நேரத்தில் சரிந்து விழுந்தாள்.

அம்புலன்சில் வந்தவர் ஈரத்துணியால் அவள் விரலை நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்தினார். 31. எவ்வளவு ஊசி, எப்போது என்று ஜெர்மனில் கேட்டார். முப்பது வருசம் இந்த நாட்டில் பாத்திரம் கழுவுகிறேன். வேலைக்குக் காணுமான ஜெர்மன் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. மெஷினை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். அவளின் நகத்தில் ஒட்டியிருந்த பஞ்சாமிர்தத்து வாழைப்பழத்தைப் பார்த்தார். அளக்க முன் கை கழுவினவவோ என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் விளங்கியது. மெஷின் காட்டியது இரத்தத்தில் இருந்த சீனியை அல்ல, விரலில் இருந்ததை.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் கண் திறக்கும்வரை அவளின் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செய்ய வேறு ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. என்னை ஒரு சொல் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சவுக்காரம் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, குத்தினாள். 262. மெஷினை என் பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு போடட்டும்? சொல்லுங்கோ."

டொக்டருக்குப் போன் அடித்தேன். சனிக்கிழமை, பூட்டு. ஊசி மேசையில் கிடந்தது. இரண்டு பேரும் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாக அணைந்தது.