பூனைக்குக் கண் வைத்தவள்

இதை எழுதப் பேனாவை எடுப்பதும் பயந்து மூடி வைப்பதுமாகவே பல வருஷம் போய்விட்டது. இன்று என் மகள் நோட்டோடு வந்து, "அம்மா, இந்தப் பூனைக்குக் கண்ணு வைக்கவா?" என்றாள். ஸ்கெட்ச் பேனா வாடை மூக்கில் ஏற, மூடி வைத்த பேனாவை மறுபடியும் எடுத்தேன்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த சிம்மக்கல் வீட்டில் என் அண்ணன், டிவியில் வரும் கார்ட்டூன் பூனை, வாத்து எல்லாவற்றையும் அப்படியே வரைவான். கண் மட்டும் வைக்க மாட்டான். கண் வைத்தால் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லி அல்லாஹ் கேட்பான் என்று எங்கள் அப்பா, நாங்கள் அத்தா என்போம், கண்டித்திருந்தார்.

"குருட்டுப் பூனைக்கு மீசை எதுக்குண்ணே?" என்று கேலி செய்வேன்.

"போடி, அத்தா காதுல விழப்போவுது."

அம்மாவுக்கு நிறைமாதம். அண்ணன் வெளியே போயிருந்தபோது, சுவரில் அவன் ஒட்டியிருந்த பூனைக்கு நானே இரண்டு கண் வைத்தேன். அது என்னையே பார்த்தது. மூன்றாம் நாள் தம்பி உயிரில்லாமல் பிறந்தான்.

படத்தைப் பார்த்த அத்தா, "இம்புட்டுச் சொல்லியும் வச்சிட்டியேடா" என்றார். அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தான். "ஆமா அத்தா, நான்தான்" என்றான். அதற்குப் பிறகு அவன் வரையவே இல்லை.

தம்பி போனது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் சொந்தக்காரர்கள் இன்றும் அண்ணன் பேரைச் சொல்லித்தான் இதைப் பேசுகிறார்கள். நீங்கள் யாரிடம் சொன்னாலும் ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்லுங்கள்: கண் வைத்தது நான்.