பத்து நிமிடத் தாமதம்

அலுவலகத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். மற்றவர்கள் எழுதிக் குப்பையாக்கிய செயலிகளைப் பெருக்கிச் சுத்தம் செய்வதுதான் பத்து வருடமாக அவள் பிழைப்பு. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். அப்பா நோயில் விழுந்த ஆறு மாதத்தில் இரண்டுமே மரத்துப்போயிருந்தன.

கடைசியாக அவள் தலையில் விழுந்தது ஒரு மருத்துவமனையின் செயலி. அறுவைக்குப் போனவரின் நிலவரத்தை வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் ஃபோனில் பார்க்கலாம். பேருக்குத்தான். ஒவ்வொரு திரையும் தனக்கென்று ஒரு நகலை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதை சொன்னது. முதல் பக்கத்தில் ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும். அடுத்த பக்கத்தில் அதே ஆள் வார்டில் படுத்திருப்பார். அவள் நகல்களையெல்லாம் தூக்கி எறிந்தாள். இனி நிலவரம் ஒரே இடத்தில் இருக்கும். அங்கே மாறினால், அந்த மாற்றம் ஓடையாகக் கிளம்பி எல்லாத் திரைகளுக்கும் அதே நொடியில் போய்ச் சேரும். திரைகள் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம், காதைத் திறந்து வைத்திருந்தால் போதும். ஆயிரம் வரி இருநூறாகச் சுருங்கியது.

நடுவே ஒரு வரி இடறியது. ‘கோப்பு மூடப்பட்டது’ என்ற நிலவரத்தை மட்டும் பத்து நிமிடம் கழித்துக் காட்டச் சொன்னது அது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஏன் என்று ஒரு குறிப்பும் வைக்கவில்லை. பழைய குளறுபடிக்குப் போட்ட ஒட்டு என்று நினைத்து அழித்தாள். மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துடைப்பத்துக்குக் குப்பையைத் தவிர வேறென்ன கண்ணில் படும்? மேலாளர் தட்டிக்கொடுத்தார்.

மூன்றாவது வாரம் அதே மருத்துவமனையில் அப்பாவுக்கு இதய அறுவை. காத்திருக்கும் கூடத்தில் அம்மா, தம்பி, அவள். மூவர் கையிலும் அந்தச் செயலி. என்ன ஆனாலும் டாக்டரிடம் முதலில் தான் கேட்டுக்கொண்டு, அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்வது என்று தம்பியிடம் சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

பதினொன்றேகாலுக்கு மூன்று ஃபோனும் அதிர்ந்தன. கோப்பு மூடப்பட்டது. மூன்றும் ஒரே நொடியில் மாறியிருக்கின்றனவா என்றுதான் அவள் முதலில் பார்த்தாள். மாறியிருந்தன. அப்படிப் பார்த்ததற்கு அவளுக்கு வெட்கம்கூட வரவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிறார்களோ என்று தம்பி கேட்டான். அம்மா முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவள். காலையில் திறந்த கோப்பை வார்டுக்குக்கூட அனுப்பாமல் ஏன் மூடுவார்கள் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, எங்கெங்கோ சுற்றி ஆரம்பித்தார். ஃபோனில் வருவதற்குள் சொல்ல, அந்தப் பத்து நிமிடத்தில் இன்னும் அவகாசம் இருக்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“தெரியும் டாக்டர்,” என்றாள் அம்மா, ஃபோனைக் காட்டி. “என் பொண்ணு செஞ்சது. உடனே சொல்லிடுச்சு.”