பற்றறி மாற்றிய ஐந்து நிமிடம்

பேதுரு அண்ணையை இப்போது டென்மார்க்கின் ஒடென்சே நகரத்தில் பஸ் ஓட்டுகிறவராகத்தான் பலருக்குத் தெரியும். எனக்கு அவரை அதற்கு முன்பே தெரியும். இறைச்சித் தொழிற்சாலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கத்தி பிடித்தவர்கள். இயந்திர இரைச்சலுக்குக் காதுமூடி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதினெட்டு வருடம் அப்படி நின்றதில் அவர் படித்த டேனிஷ், காலை வணக்கமும் நன்றியும்தான். மன்னாரில் இருந்து வந்த மனிதர், கதைக்காவிட்டால் சோறு இறங்காத ஆள். அவருக்கு அப்படி ஒரு வேலை வாய்த்தது கொடுமை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

2011இல் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. எனக்கு நகராட்சியில் துப்புரவு வேலை கிடைத்தது. அண்ணையை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் திறந்த ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். மின்சாரக் காருக்குப் பற்றறி மாற்றுகிற இடம். வீட்டில் காஸ் முடிந்தால் வெறும் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்குவதுபோலத்தான். கார் கழுவுகிற கொட்டகை மாதிரி ஒன்றுக்குள் காரை விட வேண்டும். கீழே தரை திறக்கும். இயந்திரம் அடியில் இருக்கிற பற்றறியைக் கழற்றி எடுத்துப்போய், நிரம்பிய ஒன்றைக் கொண்டுவந்து பூட்டும். எல்லாமே ஐந்து நிமிடம். ஓட்டுகிறவர் காருக்குள்ளேயே இருக்கலாம். அண்ணையின் வேலை, காரைச் சரியான இடத்தில் நிறுத்தக் கை காட்டுவதும், ஏதாவது சிக்கினால் தலைமை அலுவலகத்துக்குப் போன் அடிப்பதும்.

"தம்பி, ஐஞ்சு நிமிசம் அவையளுக்கு எங்கயும் போகேலாது. என்னோட கதைச்சுத்தானே ஆகவேணும்," என்றார் முதல் கிழமையே. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை.

மனைவி பவளராணி அக்கா காலையில் பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அதில்தான் அண்ணை ஒருநாள் மாட்டினார். மாசி மாதம், நல்ல பனி. கிர்ஸ்தன் என்று ஒரு பெண், சங்கீத ஆசிரியை, காரை உள்ளே விட்டிருக்கிறார். பழைய பற்றறி கழன்று கீழே போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணை கார்க் கதவைத் திறந்து, இறங்கித் தேத்தண்ணி குடியுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். இடையில் கதவு திறந்தால் ஆபத்து என்று இயந்திரம் நின்றுவிடும். அது சட்டம். அண்ணைக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் வாசலுக்கு வந்தவரைக் குளிருக்குள் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் குடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

கார் பற்றறி இல்லாமல் அந்தரத்தில் நின்றது. கொப்பன்ஹேகனில் இருந்து ஒருவன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, திரும்ப ஓடவைக்க நாற்பது நிமிடம் பிடித்தது. வேலை போய்விடும் என்று அண்ணை பயந்தார். கிர்ஸ்தனோ இரண்டு கோப்பை குடித்துவிட்டு, மன்னார் எங்கே இருக்கிறது, கடல் கிட்டவா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இருபது வருடத்தில் ஒரு டேனிஷ்காரர் அவரிடம் அதையெல்லாம் கேட்டது அன்றுதான். அதன்பிறகு தேத்தண்ணி கார் யன்னல் வழியாகப் போனது. கிர்ஸ்தன் பற்றறி பாதி இருக்கும்போதே வரத் தொடங்கினார். தங்கள் குடியிருப்பில் வீட்டுக்குப் பெயர் பதியச் சொன்னதும் அவர்தான். பேதுரு அண்ணை குடும்பம் அங்கே போனது, பின்னால் நாங்களும் போனோம்.

நிலையம் இரண்டு வருடம்கூடச் சரியாக ஓடவில்லை. 2013 வைகாசியில் கம்பனி விழுந்தது. ஒரு காலை வேலைக்குப் போனவரிடம் கதவுத் திறப்பைத் தா என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் ஒன்று. அங்கே படித்த டேனிஷை வைத்துக்கொண்டு அவர் பஸ் ஓட்டப் பரீட்சை எழுதித் தேறினார். ஞானஸ்நானம், கலியாணவீடு, செத்தவீடு எதுவென்றாலும் அண்ணை இருந்தால் மூன்றாவது கதை பற்றறிக் கதைதான். "நல்ல சாமானைக் கெடுத்துப்போட்டாங்கள். கொஞ்சம் பொறுத்திருந்தா இண்டைக்கு நாடு முழுக்க இருந்திருக்கும்," என்று அந்தக் கம்பனிக்காரரைத் திட்டுவார். கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. எரிச்சலும் வரும்.

இந்தப் பங்குனியில் எங்கள் குடியிருப்புக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய கராஜுகளை இடித்த மூலையில் பற்றறி மாற்றுகிற நிலையம் போட ஒரு புதுக் கம்பனி இடம் கேட்டது. நிர்வாகக் குழுவோ அந்த இடத்தில் சார்ஜ் போடுகிற கம்பங்கள் நடலாம் என்று நினைத்திருந்தது. குடியிருப்பாளர் கூட்டத்தில் வாக்கெடுப்பு. கிர்ஸ்தன் நிலையத்தின் பக்கம். வீட்டுக்கே வந்து, "பேதுரு, உனக்குத்தான் அந்த வேலை தெரியும், நீ பேசினால் கேட்பார்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"திரும்பி வருகுது தம்பி," என்றார் அண்ணை என்னிடம். அறுபது வயதை எட்டப் போகிறவர், படியில் இரண்டிரண்டாக ஏறினார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பின்னேரம், அவர் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கொப்பியும் பேனையுமாகக் காருக்குக் கார் குனிந்து நடப்பதைக் கண்டு இறங்கிப் போனேன்.

"என்னண்ணை தேடுறியள்?"

"எங்கட இடத்தில மின்சாரக் கார் எத்தினை, என்னென்ன மாதிரி எண்டு பாக்கிறன். எல்லாம் வேற வேற கம்பனி. ஒண்டின்ர பற்றறி மற்றதுக்குப் பொருந்தாது. அவங்கட நிலையத்தில மாத்தக்கூடியது ஒண்டே ஒண்டுதான் நிக்குது."

"பிறகு வாங்குவினம்தானே."

அவர் கொப்பியை மூடினார். "அப்பவும் இப்பிடித்தான் சொன்னவை. அதுவும் விடு. இந்தக் கார் எல்லாம் ஆறு மணிக்கு வந்தா விடியுமட்டும் இஞ்சதான் நிக்குது. என்ர பஸ்சும் அப்பிடித்தான், இரவு வயரைக் கொழுவிவிட்டா விடிய நிரம்பியிருக்கும். லொறிக்காரனுக்கு, டாக்ஸிக்காரனுக்கு அவசரம், அவனுக்கு மாத்திறது சரி. ராவிரவா நிக்கிற காருக்கு ஐஞ்சு நிமிசத்தில மாத்தி என்ன செய்யிறது?"

"அப்ப கூட்டத்தில என்ன சொல்லப் போறியள்?"

"தெரியேல்ல," என்றார். சொன்னால் கிர்ஸ்தனுக்கு எதிராகச் சொல்ல வேண்டும். அதைவிட, இத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதைக்கும் எதிராகச் சொல்ல வேண்டும். எனக்கே பாவமாக இருந்தது. பேசாமல் இருந்துவிடுங்கோ, ஆரும் கேட்கப் போறதில்லை என்றேன். அவர் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறினார்.

டேனிஷ்காரரின் கூட்டங்களுக்கு எனக்குப் பொறுமை காணாது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு தலைவரைத் தெரிவு செய்து, கேக் வெட்டி, கோப்பி ஊற்றி, பிறகுதான் கதை. அன்றைக்கும் அப்படித்தான். கிர்ஸ்தன் எழுந்து நன்றாகப் பேசினார். பற்றறி பழுதானால் நமக்குத் தலையிடி இல்லை, மழைக்குள் கம்பியை இழுக்கத் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். அதெல்லாம் உண்மைதான். பேசி முடித்து, "பேதுருவும் சொல்வார்," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அண்ணை எழும்பினார். கொப்பியைத் திறக்கவேயில்லை. அந்த வேலையைத் தான் விரும்பியதுபோல வேறெதையும் இந்த நாட்டில் விரும்பியதில்லை என்று தொடங்கினார். பிறகு, எங்கள் கார்களில் ஒன்றுக்குத்தான் அது உதவும் என்றார். இரவெல்லாம் நிற்கிற காருக்குக் கம்பம்தான் சரி என்றார். ஒருவர் குறுக்கே ஏதோ கேட்டார், அதற்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். சுத்தமான டேனிஷ். அந்த டேனிஷை அவர் எங்கே படித்தார் என்று அந்த அறையில் எனக்கும் கிர்ஸ்தனுக்கும்தான் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை மறைக்க வேறு வழியில்லை.

கையை உயர்த்தி வாக்களித்தார்கள். கம்பங்களுக்குத்தான் கூடக் கைகள். அண்ணையின் கையும் உயர்ந்தது. கிர்ஸ்தனின் கை உயரவில்லை. ஆனால் போகும்போது அவர் அண்ணையின் தோளில் கை வைத்து, "நீ சொன்னது சரி. எனக்குத்தான் பிடிக்கவில்லை," என்றார்.

நானும் அண்ணையும் தரிப்பிடத்தைக் கடந்து நடந்தோம். மேலே பவளராணி அக்கா வெளிச்சத்தைப் போட்டுவிட்டு யன்னலில் நின்றார். படியடியில் அண்ணை நின்றார்.

"பத்துப் பன்னிரண்டு வருசமா அந்தக் கம்பனிக்காரங்களைத் திட்டினனான் தம்பி."

"ஓம். எனக்குத் தெரியாதா?"

"அவங்கட இடத்தில இருந்தா நானும் அந்த நிலையத்தை இழுத்துப் பூட்டியிருப்பன்."

அதைச் சொல்லிவிட்டு அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.