புகைக்கூடத்துக்கு வந்த ஆய்வு

மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரைக்கு மேலே ஏறும் தோட்டத்து ரோட்டின் முனையில் எனக்கு ஒரு தேத்தண்ணிக்கடை இருந்தது. புஹாரி நானா கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அழகுமுத்து என் வாடிக்கை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். சீனி சேர்க்க மாட்டார். சீனிக்காகக் கூப்பனோடு வரிசையில் நின்ற அந்த எழுபதுகளில், அவரை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்டோரில் அவருக்குப் புகைக்கூடத்து வேலை. ரப்பர் ஷீட்டுகளை மூங்கில்களில் தொங்கவிட்டு, கீழே விறகெரித்து, சூடு கூடாமல் குறையாமல் காயவைக்க வேண்டும். ஒற்றை ஆள் வேலை. குடியிருந்த லயத்து வீட்டிலும் அவர் ஒற்றை ஆள்தான். மனைவி மாரியாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் இந்தியப் பிரஜையாகித் தலைமன்னாரில் கப்பலேறிவிட்டான். அழகுமுத்துவுக்குக் கிடைத்தது இலங்கைப் பிரஜாவுரிமை. அப்பனை ஒரு நாட்டுக்கும் மகனை இன்னொரு நாட்டுக்கும் பிரித்துக் கொடுத்த கெட்டிக்காரர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தோட்டத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரத்தில் நுஹ்மான் வந்து சேர்ந்தான். மாத்தளை டவுன் பிள்ளை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். நிர்வாகம் கைமாறும்போது வேலைத்தலம் எப்படி மாறுகிறது, ஆட்களின் மனம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறானாம். கைமாறுவதற்கு முன்னால் ஒரு தடவை விசாரிப்பான், பின்னால் ஒரு தடவை விசாரிப்பான். வேலை செய்கிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலையா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

தோட்டத்தில் ஒரு வழக்கம். வெளியாள் வந்து என்ன கேட்டாலும், "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்பார்கள். ஒரு குறையைச் சொன்னால் அது துரை காதுக்குப் போகும், பிறகு வேலைக்கே உலை வைக்கும் என்ற பயம். ஷீட்டுகளைத் தரம்பிரித்துக் கட்டும் அறையில் நாகமுத்துவும் கூட்டாளிகளும் அதையே சொன்னார்கள். நுஹ்மானும் ஆளுக்கு இரண்டு கேள்வியோடு எழுந்துவிட்டான்.

அழகுமுத்து இதைக் கவனித்துவிட்டார். குறையில்லை என்றால் பிள்ளை போய்விடுகிறான். அதனால் குறை சொன்னார். கண் எரியுது என்றார். அன்றைக்கு நுஹ்மான் விறகுக்கட்டை மேல் உட்கார்ந்து மத்தியானம்வரை கேட்டான். மறுநாள் முதுகுவலி. அதற்கடுத்த நாள் விறகு ஈரம். சாயங்காலம் என் கடைக்கு வந்தால் அதே பேச்சு.

"அண்ணேன்னு கூப்புடுறாரு நானா. நாளைக்கு என்னத்தச் சொல்றதுன்னுதான் தெரியல."

"இல்லாத வலியெல்லாம் வாங்காதீங்க" என்றேன்.

கடைசியில் கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய் உள்ளதைச் சொல்லிவிட்டார்: "உள்ளுக்குப் பேச ஆளில்லீங்க."

நுஹ்மான் அதைப் பிடித்துக்கொண்டான். தனி ஆளாக அடைபட்டுச் செய்யும் வேலை மனுஷனை வாட்டும், குழுவாகச் செய்ய வைக்க வேண்டும் என்று அவனுடைய ஆய்வு சொன்னது. தப்பில்லாத பேச்சுதான். தோட்டம் கைமாறியது. புது நிர்வாகத்துக்கும் மாற்றம் என்று காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. நாகமுத்துவின் கூட்டாளிகளில் இரண்டு பேரைப் புகைக்கூடத்துக்கு அனுப்பி, அழகுமுத்துவை அவர்கள் இடத்தில் தரம்பிரிக்கப் போட்டார்கள்.

கூடிச் சிரித்துக் கிடந்த அறை அது. அதைப் பிரித்தது யார் வாய் என்று எல்லோருக்கும் தெரியும். "பாத்துப் பேசுங்கடா, பேராதனைக்குப் போயிரும்" என்பானாம் நாகமுத்து. அதோடு பேச்சு நின்றுவிடும். இடைவேளையில் கருப்பட்டித் துண்டைக் கைமாற்றுகிறபோது அழகுமுத்துவைத் தாண்டிப் போய்விடும். புகைக்கூடத்தில் பேச ஆளில்லை, இங்கே ஆளிருந்தும் பேச்சில்லை. இரண்டாவதுதான் கொடுமை.

"அந்தப் புள்ள திரும்ப வரும் நானா. வந்தா சொல்லிருவேன்" என்று காத்திருந்தார். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தலை நிமிர்த்துவார்.

நுஹ்மான் ஒரு சாயங்காலம் வந்து இறங்கினான். நாகமுத்துவும் மற்றவர்களும் கடைக்குள் இருந்தார்கள். அழகுமுத்து தன் ஓரத்து பெஞ்சில் இருந்தார். நுஹ்மான் நேரே அவரிடம் போனான்.

"இப்ப எப்பிடி அண்ணே? ஆளுகளோட இருக்கிறது நல்லா இருக்கா?"

அழகுமுத்து நாகமுத்துவைப் பார்த்தார். நாகமுத்து கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளதைச் சொன்னால் இவர்கள் ஒருகாலமும் சேர்க்க மாட்டார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்றார்.

நுஹ்மானுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கொஞ்சம் உக்காருங்க ஐயா. வேற ஒன்னும் கேக்கலீங்களா?"

"இதுதான் அண்ணே வேணும். என்ட வேல முடிஞ்சு போச்சு" என்று சொல்லி, வந்த பஸ்ஸே திரும்பும்போது ஓடி ஏறிக்கொண்டான்.

நாகமுத்து ஏதாவது சொல்வான் என்று நானும் பார்த்தேன். குடித்து முடித்து, காசை வைத்து, எல்லோரும் ஒன்றாக மேலே நடந்தார்கள். யாரும் அவரை வா என்று கூப்பிடவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

அவர் காலிக் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நானா, நீங்களாவது ஏதாச்சும் கேளுங்களேன்" என்றார்.

என்னத்தைக் கேட்பது? சீனியே சேர்க்காத மனுஷனிடம் வாயில் வந்ததைக் கேட்டேன்: "சீனி போதுமா இருந்திச்சா?"

"போதல நானா" என்றார்.

அடுப்பை விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.