வெடிக்குழாயில் போன பத்து வருடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. 'ல'வும் 'ள'வும் இன்னும் இடம் மாறிப் போகும். ஞாபகமும் முன்போல் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா மகள் விருதுநகரில் டீச்சராக இருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். பள்ளியில் கழிந்த நாட்களைப் பற்றியும், இனி என்ன ஆகப் போகிறோம் என்றும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்களாம். "சித்தி, எங்கம்மா வகுப்புல நடந்தத நீங்களே எழுதிக் குடுங்க. நான் சொன்னா பிள்ளைக நம்ப மாட்டேங்குதுக" என்றாள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அப்போது நாங்கள் ஆமத்தூரில் இருந்தோம். அக்கா தினமும் பஸ் ஏறி விருதுநகருக்குப் படிக்கப் போவாள். அந்தக் காலத்தில் பதினொன்றுதான் கடைசி வகுப்பு. அவள் வகுப்பில் மொத்தம் இருபத்து மூன்று பெண்கள், அக்காதான் லீடர். நான் உள்ளூரில் ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து வெடிக்குக் குழாய் உருட்டுவேன். பழைய காகிதத்தை அளவாகக் கிழித்து, கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி உருவினால் ஒரு குழாய். கம்பெனி ஆள் காகிதக் கட்டைப் போட்டுவிட்டுப் போவார், சனிக்கிழமை வந்து குழாயை மூட்டை கட்டி எடுத்துப் போவார். சிவகாசியில் அதற்குள் மருந்து அடைப்பார்கள்.

காகிதம் பூராவும் பழைய நோட்டு, பரீட்சைத் தாள், ஆபீஸ் கடிதம். சுற்றுவதற்கு முன்னால் முதல் இரண்டு வரியை வாசித்துவிடுவது என் பழக்கம். வேறு வாசிக்க எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது.

அந்தப் பங்குனியில் அக்கா வகுப்புக்குப் பிரிவு விழா வந்தது. அவர்கள் டீச்சர் எல்லோரிடமும் ஒரு தாளில் 'பத்து வருடம் கழித்து நான்' என்று எழுதி வாங்கச் சொன்னார்கள். விழாவில் டீச்சரே வாசிப்பார்களாம், அதுவரை யாரும் பார்க்கக் கூடாதாம். லீடர் என்பதால் அக்கா வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் வாங்கி, கட்டி, வீட்டுக்குக் கொண்டு வந்தாள். பிரித்துப் பார்க்காமல் டிரங்குப் பெட்டி மேல் வைத்தாள். அந்த டீச்சர் கண்டிப்பானவர்கள். அவர்கள் நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தால்தான் அக்கா ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட முடியும். அக்கா வேறெதையும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை அக்கா ஸ்பெஷல் கிளாசுக்குப் போய்விட்டாள். ஆயிரம் குழாய் உருட்டி முடித்தால் விருதுநகர் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கூட்டிப் போய் ராட்டினம் ஏற்றுவதாக அம்மா சொல்லியிருந்தாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்ததும் காகிதம் தீர்ந்து போனது. சுற்றிப் பார்த்தேன். பெட்டி மேல் ஒரு கட்டு இருந்தது.

அக்காவின் கட்டு என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எழுதிய காகிதம் என்றால் எங்கள் வீட்டில் குழாய்க்கு வந்த காகிதம்தான், எழுதாத காகிதம்தான் தொடக் கூடாத காகிதம். எல்லாத் தாளிலும் ஒரே தலைப்பு இருந்ததால் பரீட்சைத் தாள் என்று நினைத்தேன். வழக்கம்போல இரண்டிரண்டு வரி வாசித்தேன். ஒரு தாளை நாலாகக் கிழித்து நாலு குழாய். ஆயிரம் நிறைந்தது. சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து மூட்டையைக் கட்டினார்.

ஞாயிறு காலையில்தான் அக்கா கட்டைத் தேடினாள். நான் பெருமையாகவே சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். "அவள அடிச்சா பேப்பர் வந்துருமாம்மா?" என்று அக்கா தடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனி ஆள் வீட்டுக்கு நடந்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு மூட்டை எங்கன இருக்கு?"

"அது நேத்தே லோடு போயிருச்சு தாயி. என்ன, நகை நட்டு எதையும் வச்சு உருட்டிட்டீகளா?"

"பள்ளிக்கூடத்துப் பேப்பர் அண்ணாச்சி. தங்கச்சி தெரியாம உருட்டிட்டா."

"நான் போடுறது பூராம் பள்ளிக்கூடத்துப் பேப்பர்தான தாயி" என்றார் அவர். அக்கா நின்ற நிலையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அம்புட்டு மூட்டையில எதைன்னு போயித் தேட?"

திரும்பி வரும் வழியில் அக்கா வேகமாக நடந்தாள். பாதி தூரத்தில் நின்றாள்.

"ஏ புள்ள, நீ வாசிச்சுட்டுத்தான உருட்டுவ?"

"ஆமா."

"எம்புட்டு ஞாபகம் இருக்கு?"

நான் எல்லாம் இருக்கிறது என்றேன். அந்த வயதில் எனக்கு உண்மையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து, தன் கணக்கு நோட்டிலிருந்து மிச்சத் தாள்களைக் கிழித்தெடுத்தாள். வாசற்படியில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்தாள். நான் மைப்புட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெயர் தெரிந்ததற்குப் பெயரையும் சொன்னேன், மற்றதை அக்காவே இன்னார் என்று கண்டுபிடித்தாள். சாய்த்து, நிமிர்த்தி, உருட்டி என்று ஆளுக்கு ஒரு கையெழுத்தாக எழுதினாள்.

எனக்குத் தண்டனை வேலை என்பதே மறந்துவிட்டது. முதல் ஏழெட்டுத் தாள் சரியாகத்தான் போனது. ராசாத்தி என்ற பெண்ணுடையது வந்தது.

"'நான் அம்மாவோட தீப்பெட்டி ஆபீசுக்குப் போவேன். தம்பியப் படிக்க வைப்பேன்'னு இருந்துச்சுக்கா."

அக்கா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'நான் நர்சாகி வெள்ளை உடுப்புப் போட்டு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பேன்' என்று இருந்தது.

"அக்கா, தீப்பெட்டி ஆபீசுன்னுல்ல சொன்னேன்."

"அப்படியா? எனக்கு வேற மாதிரி காதுல விளுந்துருச்சு."

"மாத்தி எழுது."

"தாள் வீணாப் போயிரும். நீ அடுத்ததச் சொல்லு."

அதற்கப்புறம் அவளுக்குக் காது மோசமாகிக்கொண்டே போனது. மாமா மகனைக் கட்டிக்கொண்டு எண்ணெய்க் கடைக்குச் சோறாக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தவள் தபால் ஆபீசில் உட்கார்ந்தாள். வயிற்று வலியோடு பத்து வருடம் இருப்பேனோ என்னவோ என்று எழுதியிருந்தவள் ஓட்டப் பந்தயத்தில் மெடல் வாங்கினாள். நான் திருத்தித் திருத்திச் சொல்லிக் களைத்துப் போனேன். 'நான் டீச்சர் ஆவேன்' என்று ஒரு தாள் இருந்ததைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். அது அவளுடையதாம். அதை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் எழுதினாள்.

பொழுது சாயும்போது ஒரே ஒரு தாள் மிச்சம் இருந்தது. "எனக்கும் ஒண்ணு எழுதேன்" என்றேன்.

"ஒனக்கென்ன அவசரம்? பதினொண்ணு முடிக்க இன்னும் ஆறு வருசம் கெடக்குல்ல" என்றாள் அக்கா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை என்னையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். டீச்சர் கண்டுபிடித்துவிட்டால் நான்தான் எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பயத்தில் அவர்கள் கொடுத்த காராச்சேவைக் கூட நான் தின்னவில்லை.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார்கள். தபால் ஆபீஸ்காரி வாயைத் திறந்தாள், அக்காவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். மெடல் வாங்கியவளுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். ராசாத்தி பெயர் வந்தது. அவள் பாவாடை தாவணியில் மெலிந்து போய், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். வாசித்து முடித்ததும் எழுந்து நின்றாள். போச்சு என்று நினைத்தேன். அக்கா என் விரலை நெரித்தாள்.

"என்ன ராசாத்தி?" என்றார்கள் டீச்சர்.

அவள் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். "ஒண்ணுமில்லீங்க டீச்சர். இன்னொரு தடவ வாசிக்கீகளா? சரியாக் கேக்கல" என்றாள்.

டீச்சர் நிதானமாக இன்னொரு தடவை வாசித்தார்கள். ராசாத்தி உட்கார்ந்துகொண்டாள்.

கடைசித் தாளையும் வாசித்த பிறகு டீச்சர் தாள்களை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தார்கள். "இருவத்து மூணு பேருக்கும் 'ற'வுக்கு ஒரே மாதிரி வால் வருதே. ஒரே டீச்சர்ட்ட படிச்சதாலயா இருக்கும்" என்றார்கள். வகுப்பே சிரித்தது. தப்பித்தோம் என்று நானும் சத்தமாகச் சிரித்தேன். அந்த வாரமே அக்காவுக்குச் சான்று கையெழுத்தாகி வந்துவிட்டது.

எல்லோரிடமும் அவரவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். குழாயடியில் ராசாத்தி அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இப்பிடி எழுதலையேட்டி."

"தெரியும். வேணாம்னா டீச்சர்ட்ட சொல்லி மாத்திக்க."

அவள் தாளை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தப்பான தாளை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஒளித்து வைக்கிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன்: "ஒனக்குத்தான் காது மந்தம். நான் சொன்ன மாதிரி எழுதியிருந்தா ராசாத்தி அக்காவுக்குச் சங்கடம் வந்திருக்காதுல்ல." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரொம்ப நாள் வரை எங்கள் வீட்டில் ஞாபக சக்தி உள்ளவள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா டீச்சராகி, ரிட்டையர் ஆகி, போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ராசாத்தியை அந்தக் கோடையிலேயே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் பார்த்ததாக அம்மா சொன்னாள். பின்னால் வெள்ளை உடுப்பில் பார்த்ததாகவும் யாரோ சொன்னார்கள். இரண்டில் எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. மெடல் விஷயமும் வேறு ஒருத்தியுடையதாக இருக்கலாம். மலரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது இருந்தால் தேடிப் பிடித்து இதைக் காட்டுங்கள். நான் எழுதியதில் தப்பு இருந்தால், இந்தத் தடவை அவர்கள் கையாலேயே திருத்திக்கொள்ளட்டும்.